ஆலங்கோட்டை விலக்கில் ஏறுகிறவன்

நடுவூர்ப்பட்டி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று, டவுன் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதே சுப்புராஜ் தனக்குள் சொல்லிக்கொண்டான். பெரிய முடிவெல்லாம் இல்லை. சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா, அவ்வளவுதான். ஆனால் கண்டக்டர் ஓரமாக உட்கார்ந்து யோசிக்க முடியுமா? வாய் பாட்டுக்கு ரைட் ரைட் என்கிறது, கை பாட்டுக்கு டிக்கெட் மெஷினைத் தட்டுகிறது. உப்போடைக்குக் கேட்ட பெரியவருக்கு மில் கேட்டுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டான். அவர் அதைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்து, இந்த வயசில் நான் மில்லுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்ட பிறகுதான் தன் கை செய்த காரியம் தெரிந்தது. மில் கேட். கை வேறெங்கும் போகவில்லை, நேரே அங்கேதான் போயிருக்கிறது. போன நடையில் அந்தப் பையன் மில் கேட்டில் இறங்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இல்லை, அதுகூடப் பொய். கோணலாகி மாதக்கணக்காகிறது, இவனுக்குத் தெரிந்தது இன்றைக்கு. பெரியவருக்கு வேறு டிக்கெட் கொடுத்துவிட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டான். 

அந்தப் பையனை ஆறு வருஷமாகத் தெரியும். ஆலங்கோட்டை விலக்கில் ஏறுவான், கழுத்தில் மில் அட்டை, நெற்றியில் துளி விபூதி, கையில் சரியான சில்லறை. கர்ப்பிணி ஏறினால் சொல்லாமலே எழுந்து நிற்பான். ராத்திரி கடைசி நடையில் பாதிப் பேர் மூச்சை வைத்தே யார் யார் எங்கே போய்விட்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம், அவனிடம் ஒரு நாள்கூட அந்தச் சாராய வாடை இல்லை. சுப்புராஜ் மனசுக்குள் அவனுக்கு வைத்திருந்த பேரே ஆலங்கோட்டை. இன்று மத்தியான நடையில் அவன் வழக்கம்போல ஏறவும், சந்தோஷம் தாங்காமல் தோளில் தட்டி, என்னப்பா மாப்பிள்ளை, வீட்டுக்குச் சம்பந்திமார் வருகிற நாளில்கூட ஷிப்டுக்குப் போகணுமா என்று கேட்டான். பையன் விழித்தான். அப்புறம் சிரித்தான். நீங்க ஆளை மாத்திச் சொல்றீங்கண்ணே, நான் ஆலங்கோட்டையே இல்லை, பொட்டல்குளம், விலக்கில் வந்து ஏறுகிறேன், அவ்வளவுதான் என்றான். நீங்கள் சொல்வது ரத்தினத்தாயம்மா மகன் வைரவனை, அவரும் எங்கள் மில்தான், வேற ஷிப்டு, பஸ்ஸில் வரமாட்டார், பைக் வைத்திருக்கிறார் என்றான். தன் பேர் தினகரன் என்றும் சொன்னான். ஆறு வருஷத்தில் இன்றுதான் அந்தப் பேர் காதில் விழுகிறது. மெயின் ரோட்டில் ஒரு விலக்கு என்றால் அதற்கு உள்ளே மூன்று ஊர் இருக்கும், எல்லோரும் நடந்து வந்து அங்கேதான் ஏறுவார்கள், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போர்டில் எழுதியிருப்பது ஒரு ஊர். இவன் வாழ்க்கை முழுக்கப் போர்டில் எழுதியிருந்ததையே கத்திக்கொண்டு வந்தவன்.

என் பஸ்ஸிலதான் அண்ணாச்சி தினமும் வர்றான், ஒரு நாள் வாடை அடிச்சதில்ல. அழகர்சாமியிடம் இவன் சொன்னது அது. அந்த வாக்கியம் மண்டைக்குள் ரிவர்ஸ் எடுத்து ரிவர்ஸ் எடுத்து வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் வாடை அடிச்சதில்ல. நடுவூர்ப்பட்டி அழகர்சாமி பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். மூத்தவள் பொன்மணியைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை சாயந்திரம் ஆனால் தன் வீட்டு வாசலே தெரியாத ஆளாகிப்போனான். அவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சின்னவள் தங்கமீனாவுக்கு இந்த இடத்தை இவன் கொண்டுபோனபோது அவர் நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி, குடி உண்டா, அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க என்றார். இவனும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் ஜாதகம் பார்த்தது, கோயிலில் வைத்துப் பெண் பார்த்தது எல்லாம் நடந்தது. இன்று அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கை நனைக்கப் போகிறார்கள். சம்பந்தம் ஒத்துவரும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். இலையில் உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்கப்புறம் பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைமுறைப் பகை. போவதும் இவன் வண்டியில்தான், நீங்க கைராசிக்காரர் தம்பி, உங்க வண்டியிலயே போறோம் என்று போன வாரமே சொல்லிவிட்டார். கைராசி என்ற வார்த்தையை நினைக்கவும் சுப்புராஜுக்குக் கை கூசியது.

பினாயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மாரீஸ்வரி சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த வினை வந்திருக்காது. இவன் பெண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மூளையும் அதே நீளம். முட்டி தேய்ந்துவிட்டது, இருபது வருஷமாக நின்றே பிழைத்தவன் இன்னும் எத்தனை நாள் நிற்பான், கூட ஒரு தொழில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தது அவள்தான். முதலில் காடை வளர்த்தான். கூண்டைத் திறந்து வைத்துவிட்டு டூட்டிக்கு வந்ததில் தெரு நாய்கள் விருந்து கொண்டாடின. அப்புறம் பினாயில் கலந்தான். வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நாறியது, சோற்றிலும் அந்த மணம் வந்தது. கடைசியில் நகராட்சி மண்டபத்தில் சுயதொழில் வழிகாட்டல் என்று ஒரு கூட்டம் போட்டார்கள், லீவு போட்டுப் போனான். டை கட்டிய ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி, உங்களுக்கு என்ன வரும், உங்களுக்கு என்ன பிடிக்கும், இரண்டும் எங்கே சேர்கிறதோ அங்கேதான் உங்கள் தொழில் இருக்கிறது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மாரீஸ்வரி, சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும், சொல்லுங்க பாப்போம் என்றாள்.  நாற்பத்தாறு வயசு ஆள், தனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் முழிக்கிறான். அன்று ராத்திரி முழுக்க அது முள் மாதிரி உறுத்தியது. மறுநாள் முதல் நடையில், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒருத்தி தன் நாத்தனார் கதையை இவனிடம் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. மனுஷங்களைப் பிடிக்கும். அவர்கள் பேச்சைப் பிடிக்கும். இந்த ரூட்டில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று இவனைவிடத் தெரிந்தவன் எவன்? தரகு. கல்யாணத் தரகு. எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போனது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தான், அதில் என்ன தப்பு? தூங்குகிற மாதிரி நடிப்பவன் யார், நிஜமாகத் தூங்குகிறவன் யார் என்று தெரியும். கம்பியை ஒருத்தி பிடிக்கிற பிடியிலேயே அவள் முழுகாமல் இருப்பது மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் இவனுக்குத் தெரியும். குடித்தவன்தான் கண்டக்டரை சார் என்று கூப்பிடுவான், மற்றவனுக்கெல்லாம் இவன் ஏய் கண்டக்டர்தான். ரத்தினத்தாய் டவுனில் பால்வாடி ஆயா, தினம் காலையில் விலக்கில் ஏறுகிறவள். தரகு பார்க்கிறான் என்று கேள்விப்பட்டு ஜாதகக் கவரைக் கையில் திணித்து, மகன் மில்லில் சூப்பர்வைசர், உங்களுக்குத் தெரியாத பிள்ளையா தம்பி என்றாள். ஆமாமாம், தெரியாமலா என்றான். மில் அட்டையோடு ஆலங்கோட்டையில் ஏறுகிறவன் ஒருத்தன்தானே. பேரைக் கவர் மேல் படித்தான், முகத்தைத் தன் தலைக்குள்ளிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டான். ஜாதகம் பொருந்திய பிறகு போட்டோ பொன்மணி போனுக்கு நேராகப் போய்விட்டது, இவன் வைத்திருப்பது பட்டன் போன். கோயிலில் பெண் பார்த்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள், வண்டியில் நிற்க இடமில்லை, லீவு கேட்டால் முதலாளி அடிக்க வருவார், அதனால் இவன் போகவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த விலக்கில் இறங்கி உள்ளே ஊருக்குள் நடந்திருந்தால் போதும். இத்தனை வருஷத்தில் எந்த விலக்கிலும் இறங்கி நடந்ததில்லை. ஏறுவார்கள், இறங்குவார்கள். இறங்கிய பிறகு அவர்கள் யார்? அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இத்தனை பேரைத் தெரியும் என்று மார்தட்டியவனுக்கு ஒருத்தனைத் தெரியாது.

உப்போடையில் பெரியவர் இறங்கினார். பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டியே வந்தது. டிரைவர் ஸ்டீபன் கண்ணாடியில் இவனைப் பார்த்து, சீக்கிரம் விசில் கொடு என்று தலையை ஆட்டினான். சரி, அந்த வைரவன் குடிப்பான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தாய் நல்லவள், நெற்றி நிறையக் குங்குமம், ஒரு நாள் டிக்கெட் வாங்காமல் இறங்கியதில்லை. மறுபடியும் டிக்கெட்டா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஊரில் எத்தனை கல்யாணம் யாருக்கும் யாரையும் தெரியாமல் நடக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறார்கள். இவன் சொன்ன ஆள் வேறு, சொன்ன குணம் வைரவனுக்கும் இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தத் தினகரன். எப்படிப்பட்ட ஆளுப்பா அந்த வைரவன் என்று கேட்டபோது அவன் முதலில் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தெரியலண்ணே, பழக்கமில்லை என்றான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏன் திரும்பினான்? அப்போது வெளியே ஏதாவது இருந்ததா? லாரி போனது. இல்லை, லாரி அதற்கு முன்னால் போனது. சொல்ல இஷ்டமில்லாமல் திரும்பினானா, இறங்குகிற இடம் வருகிறதே என்று பார்த்தானா? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம், அதை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். தூரத்தில் நடுவூர்ப்பட்டி வேப்பமரம் தெரிந்துவிட்டது. முடிவு ஒன்றும் எடுத்திருக்கவில்லை.

ஒற்றைப்படையாக ஏழு பேர் ஏறினார்கள். சலவை வேட்டியில் அழகர்சாமி, அவர் சம்சாரம், தம்பி, தம்பி பெண்டாட்டி, இரண்டு பங்காளிகள், கடைசியாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்மணி. வாழாமல் வந்தவளை நல்ல காரியத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று தம்பி சொன்னதற்கு, அவள் வராத இடத்துக்கு நானும் வரல என்று அழகர்சாமி சொல்லிவிட்டாராம், அதை அவர் சம்சாரமே ஏறும்போது முணுமுணுத்தாள். பூவும் பழமும் வைத்த தட்டுகளைப் பார்த்ததும் வண்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. எந்த இடம், யார் பார்த்துச் சொன்னது என்று ஒரு அம்மாள் கேட்டாள். அழகர்சாமி அதிர்ந்து பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, நம்ம கண்டக்டர் தம்பி பார்த்த இடம், தினமும் கண்ணால பார்க்கிற பையன் என்றார். உடனே முன் சீட்டிலிருந்து ஒருவர் தன் தங்கச்சி மகளுக்கு ஒரு வரன் வேண்டும் என்றார். கேட்ட அம்மாளும் நம்பர் கொடுங்க தம்பி, ஜாதகம் கொண்டாறேன் என்றாள். இத்தனை மாசம் வாயைத் திறந்து கேட்டும் கிடைக்காத வியாபாரம், இன்றைக்குத் தானாக வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது. மாரீஸ்வரி பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள். சுப்புராஜ் எல்லோருக்கும் தலையாட்டினான். சிரித்தான்கூட. சிரிக்கிறோமே என்று உள்ளே பதறியது, சிரிப்பு நிற்கவில்லை.

ஏழு டிக்கெட், ஆலங்கோட்டை விலக்கு. மெஷின் கீச்கீச்சென்று துப்பியது. இங்கிருந்து விலக்கு கால் மணி நேர ஓட்டம், நடுவில் ஒரே ஒரு ஸ்டாப். சொன்னால் இன்றோடு இந்தத் தொழில் போயிற்று, அது போனால் போகிறது. காடை போயிற்று, பினாயில் போயிற்று. ஆனால் இது அந்த மாதிரி இல்லை. இது தனக்கு வரும் என்று நினைத்தது, தனக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தது, வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. இதுவும் வராது என்றால் அப்புறம் இவனுக்கு என்னதான் வரும்? விசில் ஊத வரும். சொல்லாமல் விட்டால்? தங்கமீனா எப்போதாவது இதே வண்டியில் ஏறுவாள். எந்த முகத்தோடு ஏறுவாள்? மூத்தவள் அன்றைக்குத் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது இந்த வண்டியில்தான். ஒரு பையும் பிள்ளையுமாக ஏறியவளுக்கு டிக்கெட் போட்டது இவன்தான், அன்று அவள் உதடு கிழிந்திருந்ததைப் பார்க்காத மாதிரி பார்வையைத் திருப்பிக்கொண்டவனும் இவன்தான். சொல்லு. இந்தக் குலுக்கல் முடிந்ததும் சொல்லு. அந்தப் பாலம் தாண்டியதும் சொல்லு. பாலம் தாண்டிவிட்டது, நடுவில் இருந்த ஸ்டாப்பும் போய்விட்டது.

பொன்மணி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. குழந்தை அவள் தோளில் தூங்கியிருந்தது. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அண்ணே, நெசமாவே அவர உங்களுக்குத் தெரியுமா?"

ஏன் கேட்டாள்? இவன் முகத்தில் ஏதாவது தெரிந்ததா? தெரியும் என்று சொல்ல வாய் திறந்தது. அந்த வார்த்தை இருபது வருஷப் பழக்கத்தில் தானாக வந்து நாக்கு நுனியில் நின்றது. அவள் கண்ணைப் பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது.

"தெரியாதும்மா" என்றான். "நான் சொன்ன பையன் வேற. ஆளு மாறிப்போச்சு. இந்தப் பையன நான் கண்ணால பார்த்ததே இல்ல."

சொன்னது அவ்வளவுதான், ஆனால் அழகர்சாமிக்குக் கேட்டுவிட்டது. திரும்பினார். சுப்புராஜ் எல்லாவற்றையும் சொன்னான், விலக்கையும் மூன்று ஊரையும், மத்தியானம் தெரிந்துகொண்டதையும், ஏழு பேருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்த பிறகும் வாயைத் திறக்காமல் நின்றதையும்.  தம்பிக்காரர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அழகர்சாமி அவரை உட்காரச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் முகம் அப்படியே வாடிப்போனது. அப்ப இந்தப் பையனுக்குக் குடி உண்டா, இல்லையா தம்பி என்று மறுபடியும் அதையே கேட்டார். தெரியாது அண்ணாச்சி என்று சுப்புராஜும் மறுபடியும் சொன்னான். அவர் தலை குனிந்து தட்டிலிருந்த பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பொன்மணி சத்தமாகவே பேசினாள்.

"எனக்குப் பார்த்தவரும் தெரியும்னுதான் சொன்னாரு. தெரியாதுன்னு அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் இப்படி நிக்கமாட்டேன்பா."

 நம்பர் கேட்ட அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விலக்கில் இறங்காமல், அதைத் தாண்டி அடுத்த ஸ்டாப்புக்கு ஏழு டிக்கெட் போடச் சொன்னார் அழகர்சாமி. போய்க் கை நனைத்துவிட்டுப் பின்வாங்கினால்தான் பகை, போகாமல் இருந்தால் வீட்டில் ஒரு சாவு, தீட்டு என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், விசாரித்துவிட்டு நல்லபடி இருந்தால் இன்னொரு நாள் வருவோம் என்று தம்பியிடம் சொன்னார். இவன் ஏழு டிக்கெட்டையும் அவர் கையில் வைத்தான். அதற்குள் விலக்கு வந்துவிட்டது. இறங்குகிறவர்களுக்காக ஸ்டீபன் வண்டியை நிறுத்தினான்.

சுப்புராஜ் எதிர்பார்க்காதது, சம்பந்திகளை எதிர்கொண்டு கூட்டிப்போக ரத்தினத்தாயே மெயின் ரோடு வரை வந்து நின்றது. மடிப்புக் கலையாத புடவை, தலை நிறையப் பூ, பக்கத்தில் இரண்டு ஆட்டோ. ஜன்னலில் அழகர்சாமியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகப் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். வாங்க சம்பந்தி, பார்த்து இறங்குங்க, தம்பி, படி உசரமா இருக்கு, அவுகளக் கொஞ்சம் கையப் பிடிச்சு எறக்கி விடுங்க என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அழகர்சாமி உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அது வணக்கம் இல்லை என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அக்கா, இவங்க இன்னிக்கு இறங்கல" என்றான் சுப்புராஜ். "தப்பு எம்மேல. நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அவள் இவனைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். "எலை போட்டாச்சே தம்பி" என்றாள்.

பின்னால் வந்த வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. சுப்புராஜ் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினான். வண்டி நகரும்போதுதான் அவளுக்குப் பின்னால், சாய்த்து நிறுத்திய பைக் பக்கத்தில், ஒருவன் நிற்பதைப் பார்த்தான். புதுச் சட்டை, படிய வாரிய தலை. வைரவனாகத்தான் இருக்க வேண்டும். வெயில் படாமல் அம்மாவுக்குக் குடை பிடிக்க அப்போதுதான் முன்னால் வந்துகொண்டிருந்தான். சுப்புராஜ் படிக்கட்டில் தொங்கியபடி அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தான். கண் சிவந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, கால் தரையில் பதிகிறதா. இருபது வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த அத்தனையையும் கொண்டு பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. நல்லவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வண்டி வளைவில் திரும்பும்வரை அவன் அம்மா தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.